ஐந்து மேஜை, ஒரு பையன்!

"மாமா, எனக்கு சீட் கிடைச்சுடுச்சா, கிடைக்கலையா? நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

அக்கா பையன் செல்போனை என் மூக்குக்கு நேராக நீட்டினான். ஒரே அமெரிக்க யுனிவர்சிடி. ஒரே நாள். மூன்று இ-மெயில்.

முதல் மெயில்: வாழ்த்துக்கள், எம்.எஸ். படிப்பில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறோம். இரண்டாவது: உன் மார்க் ஷீட் வந்து சேரவில்லை, ஆகவே விண்ணப்பம் அரைகுறையாக நிற்கிறது. மூன்றாவது: ஹாஸ்டல் அட்வான்ஸை பதினைந்தாம் தேதிக்குள் கட்டாவிட்டால் அறை கிடையாது.

முதல் மெயிலை மட்டும் படித்த அக்கா, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போய்விட்டாள். இரண்டாவதை மட்டும் படித்த அத்தான், ஈஸி சேரில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் பாவம், ராஜினாமாக் கடிதத்தை எழுதி டிராயரில் வைத்திருந்தான். இரண்டு மாசம் நோட்டீஸ் கொடுக்க வேண்டிய கம்பெனி. கொடுத்துவிட்டு சீட் இல்லை என்றால் நடுத்தெரு. கொடுக்காமல் சீட் இருந்தால் விமானத்தைக் கோட்டை விட வேண்டியதுதான்.

எனக்கு ஆபீஸில் 22 வருஷ சர்வீஸ். பார்த்தவுடனே புரிந்துவிட்டது. "டேய், மூணும் நிஜம்தான். மூணு மேஜைக்காரங்க எழுதியிருக்காங்க. அந்த மூணு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கிறதில்லை. அவ்வளவுதான் விஷயம்."

"அமெரிக்காவிலயுமா மாமா?"

அந்தக் கேள்வியால்தான் இந்தக் கட்டுரை. அவனுக்காக விசாரிக்கப் போனவன், அந்த ஊர் அட்மிஷன் ஆபீஸ்களுக்குள்ளேயே புகுந்து வந்துவிட்டேன். நம் ஆபீஸ் தோற்றது, போங்கள்!

ஒரு ஃபைல், அஞ்சு கதவு

அமெரிக்க யுனிவர்சிடியில் ஒரு பையன் சேர வேண்டுமென்றால் குறைந்தது ஐந்து கதவைத் தட்ட வேண்டும். அட்மிஷன் ஆபீஸ் 'வா' என்று சொல்லும். நிதியுதவி ஆபீஸ் எவ்வளவு ஸ்காலர்ஷிப், எவ்வளவு கடன் என்று சொல்லும். ரிஜிஸ்ட்ரார் மார்க் ஷீட்டையும் வகுப்பையும் பார்ப்பார். கட்டண ஆபீஸ் பணத்தை வாங்கும். ஹாஸ்டல் ஆபீஸ் அறை கொடுக்கும்.

நம் ஊர்ப் பையனுக்கு இன்னொரு கதவு உண்டு. பாங்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்து 'ஐ-ட்வென்டி' என்ற காகிதத்தைக் கொடுக்கும் வெளிநாட்டு மாணவர் ஆபீஸ். அது வந்தால்தான் 350 டாலர் செவிஸ் கட்டணம் கட்டி, விசா இன்டர்வியூவுக்குப் போகலாம். எம்.எஸ். என்றால் இன்னும் விசேஷம். டிபார்ட்மென்ட்டில் உள்ள புரொபசர்கள் 'இவன் வேணும்' என்று சிபாரிசு செய்வார்கள். கிராஜுவேட் ஸ்கூல் என்ற தனி ஆபீஸ்தான் முறைப்படி உத்தரவு போடும்.

ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு மேலதிகாரி, ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம், ஒரு காப்பி மெஷின். அவரவர் தேதியில் அவரவர் மெயில் கிளம்பும். எல்லோரும் தங்கள் வேலையைச் சரியாகத்தான் செய்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் தப்பு வருகிறது. இந்தக் கணக்கு உங்கள் ஆபீஸிலும் உண்டுதானே?

ஃபிசிக்ஸ்காரர் போட்ட புள்ளி

இந்த வியாதிக்கு முதலில் மருந்து எழுதியவர்களில் ஒருவர், ஃபிசிக்ஸ் வாத்தியார். பெயர் ஜாக் மகுவயர். பாஸ்டன் காலேஜில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை 1971-ல் அட்மிஷன் டீனாகத் தூக்கி உட்கார வைத்தார்கள். காலேஜ் அப்போது பண நெருக்கடியில் இருந்தது.

மகுவயர் என்ன பார்த்தார்? பிள்ளைகளைக் கூப்பிடுகிற ஆபீஸ் ஒன்று, பணம் கொடுக்கிற ஆபீஸ் இன்னொன்று, வந்த பிள்ளை ஏன் பாதியில் போனான் என்று யாருக்குமே கவலையில்லை. எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தார். ஒரு மாணவன் வருவது, வந்து இருப்பது, நடுவில் போவது, போனவன் இடத்தை நிரப்புவது... இதெல்லாம் ஒரே கதையின் அத்தியாயங்கள் என்றார். 1976-ல் அந்தக் காலேஜின் பத்திரிகையில் கட்டுரை எழுதினார். 'என்ரோல்மென்ட் மேனேஜ்மென்ட்' என்ற பெயர் அதிலிருந்துதான் பரவியது என்பார்கள்.

அந்த நேரத்துக்கு அது ஏன் பிடித்துக்கொண்டது தெரியுமா? அமெரிக்காவில் 1957-ல் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தன. அதன் பிறகு பிறப்பு இறங்குமுகம். 57-ஓடு 18-ஐக் கூட்டுங்கள்: 1975. காலேஜுக்கு வருகிற பிள்ளைகள் குறையப் போகிறார்கள் என்று விரல் விட்டே எண்ணிவிடலாம்.

வேடிக்கை என்னவென்றால் 2007-ல் மறுபடி அதே 43 லட்சம். அடுத்த வருஷம் பொருளாதாரம் கவிழ்ந்தது, பிறப்பும் குறைந்தது. 2007-ஓடு 18-ஐக் கூட்டினால் 2025! ஸ்கூல் முடிக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை அதை ஒட்டி உச்சம் தொட்டு, அப்புறம் சறுக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆக, அந்த ஆபீஸ்களில் இப்போது டென்ஷன் ஏன் என்று புரிகிறதா? கடையில் சரக்கு நிறைய. தெருவில் ஆள் குறைவு.

பின்னால் நடக்கிற உத்தியோகம்

அங்கே வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் சின்ன வயசுக்காரர்கள். அதே காலேஜில் படித்து, அங்கேயே வந்தவர்களுக்குக் கட்டடங்களைச் சுற்றிக் காட்டியவர்கள். பெற்றோர் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதற்காகப் பின்பக்கமாகவே நடந்து பழகியவர்கள். இன்க்ரிமெண்ட் வராத நம்மைப் போல.

செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை ஊர் ஊராகப் பயணம். ஒவ்வொருவருக்கும் ஒரு ஏரியா. ஸ்கூல் ஸ்கூலாகப் போய்ப் பேச வேண்டும். நம்ம மெடிக்கல் ரெப் மாதிரி, பையும் சிரிப்பும். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஃபைல் படிப்பு. ஏப்ரலில் 'வந்துடுப்பா' என்று கெஞ்சல். மே 1-ம் தேதி பல காலேஜ்களில் பதில் சொல்லக் கடைசி நாள். அன்று யார் டெபாசிட் கட்டினார்கள் என்று கணக்கு வரும். ஆபீஸில் அன்றைக்கு யாரும் சத்தமாகத் தும்ம மாட்டார்கள்.

அத்தோடு முடிந்ததா? டெபாசிட் கட்டியவன் ஆகஸ்டில் வராமல் போய்விடுவான். இதற்கு 'சம்மர் மெல்ட்' என்று பெயர். கோடையில் ஐஸ் உருகுகிற மாதிரி பிள்ளைகள் உருகிப் போகிறார்களாம். அழகான பெயர். அதற்குப் பதில் சொல்கிறவனுக்குத்தான் வியர்க்கும்.

எத்தனை இலை போடுவது?

இந்தத் தொழிலின் பெரிய தலைவலியைக் கல்யாணம் நடத்திய எந்தத் தமிழனும் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொள்வான். ஆயிரம் பத்திரிகை கொடுக்கிறீர்கள். எத்தனை இலை போடுவது? குறைவாகப் போட்டால் மானம் போகும், அதிகமாகப் போட்டால் சாம்பார் மிஞ்சும்.

அமெரிக்கக் காலேஜ்கள் பலவற்றில் பத்துப் பேருக்கு சீட் கொடுத்தால் வருவது சுமார் மூன்று பேர். அந்த மூன்று நான்காகிவிட்டால்?

2017-ல் கலிபோர்னியா யுனிவர்சிடியின் இர்வைன் கிளையில் அதுதான் நடந்தது. முதல் வருஷத்துக்கு எதிர்பார்த்தது 6,250 பேர். வருகிறேன் என்றவர்கள் 7,100. கூடுதலாக 850 பேர் பந்திக்கு வந்து நின்றார்கள்.

என்ன செய்தார்கள் தெரியுமா? ஜூலை கடைசியில், வகுப்பு தொடங்க இரண்டே மாசம் இருக்கும்போது, 499 பேரின் சீட்டை வாபஸ் வாங்கினார்கள். அதில் 290 பேருக்குச் சொன்ன காரணம் மார்க் ஷீட் பிரச்னை. நேரத்துக்கு வரவில்லை, சரியாக வரவில்லை என்று. மற்றவர்களுக்கு, கடைசி வருஷ மார்க் குறைந்துவிட்டது என்று. 'நாங்க அனுப்பினோமே' என்று பிள்ளைகள் கதறினார்கள். மற்ற இடத்து சீட்டையெல்லாம் வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தவர்கள் ஆயிற்றே!

விதி எப்போதும் இருந்த விதிதான். எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டதால் அந்த வருஷம் கறாராகப் பிடித்தார்கள் என்று யுனிவர்சிடியே ஒப்புக்கொண்டது. பந்தியில் உட்கார்ந்தவனைப் பார்த்து, 'உங்க பத்திரிகையில மஞ்சள் தடவலையே, எழுந்திருங்க' என்றால் எப்படி?

ஊரே சிரித்தது, பத்திரிகைகள் திட்டின. ஆகஸ்ட் 2-ம் தேதி யுனிவர்சிடித் தலைவர் ஹோவர்ட் கில்மன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மார்க்கில் தவறியவர்களைத் தவிர மற்றவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். மே மாசமே கணக்கு தெரிந்துவிடும். ஜூன் முழுக்க இருந்தது. ஒரே மேஜையில் ஹாஸ்டல்காரரும் ரிஜிஸ்ட்ராரும் அட்மிஷன்காரரும் உட்கார்ந்து, '850 பேர் அதிகம், என்ன செய்யலாம்?' என்று பேச வேண்டிய விஷயம், பிள்ளைகளின் தலையில் மார்க் ஷீட்டாக வந்து விழுந்தது. உள்ளே பேசித் தீர்க்க வேண்டியதை வெளியே கடிதமாக அனுப்பினால் இப்படித்தான்.

தப்பான பட்டன்

இன்னொரு ரகம் உண்டு. 2009 மார்ச் கடைசியில் அதே யுனிவர்சிடியின் சான் டியாகோ கிளை ஒரு மெயில் அனுப்பியது. சேர்ந்துவிட்டாய், வந்து கேம்பஸைப் பார் என்று. சேர்த்தவர்களுக்கு மட்டும் போக வேண்டிய மெயில், விண்ணப்பித்த எல்லோருக்கும் போய்விட்டது. ஏற்கெனவே 'இல்லை' என்று சொல்லப்பட்ட 28,000 பேருக்கும் சேர்த்து! எடுத்த பெயர்ப் பட்டியல் தப்பு. 2015 பிப்ரவரியில் கார்னகி மெலன் யுனிவர்சிடி, கம்ப்யூட்டர் சயன்ஸ் எம்.எஸ்.ஸுக்கு சுமார் 800 பேரை வாழ்த்திவிட்டு, சில மணி நேரத்தில் 'மன்னிக்கவும்' என்றது.

பட்டனை அமுக்கியவனைத் திட்டலாம். ஆனால் நம் பழைய ஆபீஸ்களில் டெஸ்பாட்ச் கிளார்க் என்று ஒருவர் இருப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, 'என்னப்பா, முந்தாநாள் இவங்களுக்கு இல்லைன்னு எழுதினோமே, இன்னிக்கு உண்டுன்னு எழுதறியே?' என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு ஆளை வைத்திருந்தால் 28,000 வீடுகளில் அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கியிருக்கும்.

மேலே போகாத சேதி

பட்டன் தப்பைவிட மோசமானது, தெரிந்தே எழுதுகிற தப்பு. கலிபோர்னியாவில் கிளேர்மான்ட் மெக்கென்னா என்று ஒரு நல்ல காலேஜ். அங்கே அட்மிஷன் பிரிவின் உயர் அதிகாரி ஒருவர், சேர்ந்த மாணவர்களின் சராசரி 'சாட்' மார்க்கை 2005-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். வித்தியாசம் பெரும்பாலும் 10, 20 மார்க். 2012 ஜனவரியில் குட்டு உடைந்தது. அவர் ராஜினாமா செய்தார்.

வெறும் 10 மார்க்குக்கு ஒரு மனுஷன் ஏன் உத்தியோகத்தைப் பணயம் வைக்கிறார்? அவர் மனசு அவருக்குத்தான் தெரியும். ஆனால் ஆபீஸில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு யூகம் உண்டு. மேலே இருப்பவர் ஒவ்வொரு வருஷமும் 'போன தடவையைவிட எவ்வளவு?' என்று மட்டும் கேட்டால், கீழே இருப்பவனுக்கு 'இந்த வருஷம் குறைஞ்சிடுச்சு சார்' என்று சொல்ல வாய் வராது. எண் மாடிப்படி ஏறிப் போகும். கெட்ட சேதி லிஃப்டுக்கே காத்துக்கொண்டிருக்கும். மார்ச் மாச டார்கெட் பார்த்த பாங்க்காரர்களும் இன்ஷூரன்ஸ்காரர்களும் இதைப் படித்துப் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது.

அந்த ஊர் சட்டம் இதை ஓரளவு யோசித்திருக்கிறது. 1992-ல் சட்டத்தைத் திருத்தி, தலைக்கு இவ்வளவு என்று ஆள் சேர்த்தவருக்குக் கமிஷன் கொடுக்கக் கூடாது என்று தடை போட்டார்கள். அரசாங்க உதவிப் பணம் வாங்குகிற காலேஜ்கள் எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். தலைக்குக் காசு என்றால் தகுதி கண்ணில் படாது என்ற பயம்தான்.

ஆனால் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். அந்த உதவிப் பணத்துக்குத் தகுதியில்லாத வெளிநாட்டு மாணவர்களை, அவரவர் நாட்டிலிருந்து பிடித்தால் கமிஷன் கொடுக்கலாம்! ஆகவே, அண்ணா சாலையில் ஏ.ஸி. ரூமில் உட்கார வைத்து, கூல் டிரிங்க் கொடுத்து, 'இந்த யுனிவர்சிடிதான் உங்களுக்குப் பெஸ்ட் தம்பி' என்று சொல்கிற கன்சல்டன்டிடம் மறக்காமல் கேளுங்கள்: "சார், அவங்க உங்களுக்கு என்ன தர்றாங்க?" முகம் மாறுவதைக் கவனியுங்கள்.

சட்டமும் சாக்கும்

பேசாமலிருக்க ஒரு வசதியான சாக்கும் அங்கே உண்டு. 'ஃபெர்பா' என்று 1974-ல் வந்த சட்டம். மாணவனின் ஃபைலில் இருப்பதைக் கண்டவர்களிடம் சொல்லக் கூடாது. நல்ல சட்டம். காப்பி மெஷின் பக்கத்தில் நின்று, 'அந்தப் பையன் கணக்குல ஃபெயில் தெரியுமா?' என்று வம்பு பேச முடியாது. ஆனால் வேலைக்காகத் தெரிந்துகொள்ள வேண்டிய பக்கத்து ஆபீஸ்காரரிடம் சொல்வதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. 'ரூல் இல்லை சார்' என்று சொல்லிவிட்டால் எழுந்து நடக்க வேண்டாம் பாருங்கள். சாக்கு எந்த ஊரிலும் ஒரே சாக்குதான்.

ராத்திரி கேட்ட கேள்விகள்

இதையெல்லாம் சரிசெய்தவர்களும் இருக்கிறார்கள். அட்லாண்டாவில் ஜார்ஜியா ஸ்டேட் யுனிவர்சிடி. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிற இடம். கோடையில் உருகிப் போகிறவர்கள் அதிகம். ஏன் என்று பார்த்தால், ஒன்றும் பெரிய காரணமில்லை. நிதியுதவிப் படிவம், தடுப்பூசிச் சான்றிதழ், வகுப்புப் பதிவு என்று ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொன்று கேட்கிறது. வீட்டில் காலேஜுக்குப் போன முதல் பிள்ளை. யாரைக் கேட்பான்?

2016-ல் செல்போனில் பதில் சொல்கிற ஒரு கம்ப்யூட்டர் ஏற்பாட்டை வைத்தார்கள். எல்லா ஆபீஸின் பதில்களையும் அதற்குள் திணித்து வைத்தார்கள். அந்தக் கோடையில் அது 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்குப் பதில் சொன்னது. நடுராத்திரியிலும் சொன்னது. உருகிப் போகிறவர்கள் சுமார் 20 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தார்கள்.

கம்ப்யூட்டரின் மகிமை என்பார்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். அதற்குள் பதில்களைத் திணிக்க வேண்டுமென்றால், முதலில் எல்லா ஆபீஸும் உட்கார்ந்து 'இந்தக் கேள்விக்கு நம்ம பதில் இதுதான்' என்று ஒரு முடிவுக்கு வர வேண்டும் இல்லையா? அந்த உட்காருதலில்தான் பாதி வியாதி குணமாகியிருக்கும்.

சரி, நம்ம பையன்?

"ஒரே மெயில் போடு. மூணு ஆபீஸ் விலாசமும் மேலே போடு. அவங்க அனுப்பின மூணையும் கூடவே வை. எதை நம்பணும்னு மரியாதையா கேளு. திட்டாதே" என்றேன்.

இரண்டாம் நாள் பதில் வந்தது. கிராஜுவேட் ஸ்கூலில் உள்ள ஒரு பெண்மணி எழுதியிருந்தார். மூன்று மெயிலையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்துக்கு நடந்து போனாராம். மார்க் ஷீட் டிபார்ட்மென்ட் ஃபோல்டரில் பத்திரமாக இருந்ததாம், மூன்று வாரமாக! இரண்டாவது மெயிலை மறந்துவிடு, ஹாஸ்டலுக்கும் சொல்லிவிட்டேன், ஐ-ட்வென்டி இந்த வாரம் வரும் என்று எழுதியிருந்தார்.

சொன்னபடி வந்தது. பையன் டிராயரைத் திறந்து ராஜினாமாவை எடுத்துக்கொண்டு போனான். அக்கா இரண்டாவது தேங்காயை உடைத்தாள். அத்தான் ஈஸி சேரிலிருந்து எழுந்தார்.

மறுநாள் ஆபீஸில் எனக்கு ஞானம் பிறந்தது. அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் என் பில் ஒன்று மூன்று வாரமாக நிற்கிறது. நாலு மெயில் போட்டாகிவிட்டது. அவர் மேஜை என் மேஜையிலிருந்து சரியாகப் பதினெட்டு தப்படி. எழுந்து நடந்து போய் நின்றேன்.

அவர் பதறிப்போய்க் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சார், ஏதாவது பிரச்னையா? நேர்லயே வந்துட்டீங்க?"

"ஒண்ணுமில்லை சார். டீ சாப்பிடலாமான்னு கேக்க வந்தேன்."

டீ ஆறுவதற்குள் பில் பாஸாகிவிட்டது. காசும் அவர்தான் கொடுத்தார்.